மனச்சிதைவுக்கு உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை: எதற்காகப் போகலாம், எதற்காகப் போகக் கூடாது

மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று மருத்துவர் சொன்னதும் குடும்பத்தார் கேட்கும் முதல் கேள்வி, "இது ஏன் வந்தது?" என்பதே. மரபணு, மூளை, டோப்பமின் என்ற மூளை வேதிப்பொருள் என்று பதில் வரும். அந்தப் பதிலில் நோயாளியின் வாழ்க்கை எங்கும் இருக்காது. அவர் காதில் கேட்கும் குரல் ஏன் இறந்துபோன அப்பாவின் குரலாக இருக்கிறது, தெருவில் இத்தனை பேர் இருக்கும்போது ஒரே ஒருவர் மீது மட்டும் ஏன் சந்தேகம் என்பதற்கெல்லாம் மருந்துச் சீட்டில் விடை இல்லை. ஆழ்மனதைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வு மரபிலிருந்து வந்த சைக்கோடைனமிக் சிகிச்சை இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. நோய்க்கு ஒரு கதை, ஒரு காரணம், ஒரு பொருள் எல்லாம் அதனிடம் உண்டு. அதன் கவர்ச்சியும் ஆபத்தும் இதுவே.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அந்தக் குரல் என்ன சொல்கிறது, அது இவரை ஏன் இவ்வளவு வதைக்கிறது என்று புரிந்துகொள்ள இந்தச் சிகிச்சை உதவக்கூடும். நோய் ஏன் வந்தது என்று அது தரும் விளக்கத்தை ஏற்க வேண்டியதில்லை. மருந்தை நிறுத்துங்கள், பேச்சாலேயே சரிசெய்கிறேன் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். இந்த மூன்றையும் எதை வைத்துச் சொல்கிறோம் என்பதைக் கீழே பார்க்கலாம்.

விளக்கம் சொல்வது என்ன?

தொடக்கம் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்டிடம். டேனியல் பால் ஷ்ரேபர் என்ற ஜெர்மானிய நீதிபதி தன் மனநோய் அனுபவங்களை 1903-இல் நூலாக வெளியிட்டார். கடவுள் தன்னைப் பெண்ணாக மாற்றிக்கொண்டிருக்கிறார், தன் வழியாக ஒரு புதிய மனித குலம் பிறக்கப்போகிறது என்பது அவர் நம்பிக்கை. ஃப்ராய்டு அவருக்குச் சிகிச்சை அளிக்கவில்லை, நேரில் பார்த்ததும் இல்லை. அந்த நூலை மட்டுமே வைத்து 1911-இல் தன் ஆய்வை எழுதினார். இன்னொரு ஆண் மீது எழுந்த ஈர்ப்பை மனம் ஏற்க மறுக்கிறது. "நான் அவரை நேசிக்கிறேன்" என்பது "நான் அவரை வெறுக்கிறேன்" என்று தலைகீழாகிறது. பிறகு அதுவும் வெளியே தள்ளப்பட்டு "அவர் என்னை வெறுக்கிறார், துரத்துகிறார்" என்று திரும்பி வருகிறது என்றார்.

1914-இல் இதை விரிவாக்கினார். மனச்சிதைவில் ஒருவர் வெளியுலகத்தின் மீதும் மனிதர்கள் மீதும் வைத்திருந்த மன ஆற்றலை, அவர் சொல்லில் லிபிடோவை, முழுதாகத் திரும்ப எடுத்துத் தன் மீதே செலுத்திக்கொள்கிறார். தான் வேறு, உலகம் வேறு என்ற பிரிவு உருவாகாத கைக்குழந்தைப் பருவத்துக்கு மனம் பின்வாங்குகிறது. ஒதுங்கிப்போவதும் தன்னைப் பெரிய சக்தியாக எண்ணுவதும் இந்தப் பின்னடைவின் அடையாளங்கள். உலகத்தோடு அறுந்த தொடர்பை மீட்கும் முயற்சியாகப் பிரமைகளும் (இல்லாத குரலைக் கேட்பது போன்றவை) மருட்சிகளும் (ஆதாரமில்லாத அசைக்க முடியாத நம்பிக்கைகள்) எழுகின்றன. 1924-இல் எழுதியபோது, தன்முனைப்புக்கும் (ஈகோ, 'நான்' என்னும் மனப்பகுதி) வெளியுலகுக்கும் இடையே விழுந்த கிழிசலின் மேல் போட்ட ஒட்டு என்று மருட்சியை வர்ணித்தார்.

இதே ஃப்ராய்டு, இந்த நோயாளிகளுக்கு உளப்பகுப்பாய்வு பயன்படாது என்றும் சொன்னார். சிகிச்சையாளர் மீது உணர்வுப் பிணைப்பு உருவாகி, அதன் வழியே பழைய உறவுகள் மறுபடி வெளிப்படுவதுதான் அந்த முறையின் உயிர். வெளியுலகிலிருந்து ஆற்றலைத் திரும்ப எடுத்துக்கொண்டவரிடம் அந்தப் பிணைப்பே உருவாகாது என்பது அவர் கருத்து. முறையைக் கண்டுபிடித்தவரே போட்ட இந்த எல்லைக்கோட்டைப் பின்னால் வந்த பலர் தாண்டினார்கள்.

உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைன் 1946-இல் பிளத்தல் என்ற கருத்தை முன்வைத்தார். தாங்க முடியாத அச்சம் வரும்போது மனம் நல்லது, கெட்டது என்று உலகை இரண்டாக உடைக்கிறது. கெட்ட பாதியை மற்றவருக்குள் தள்ளிவிட்டு, பிறகு அந்த மற்றவரைக் கண்டே நடுங்குகிறது. இது எல்லாக் குழந்தைகளுக்கும் உள்ள நிலை, மனச்சிதைவில் மனம் இங்கேயே சிக்கிக்கொள்கிறது என்றார். அவர் வழிவந்த வில்ஃப்ரெட் பியோன், நோயாளியின் மனம் எண்ணங்களை இணைக்கும் தன் திறனையே தாக்கி உடைக்கிறது என்று 1950-களின் இறுதியில் எழுதினார். கடுமையான மனநோயிலும் நோய் தொடாத ஒரு பகுதி மனதில் இருக்கிறது என்றும் சொன்னார். இந்த இரண்டாவது கருத்துக்கு நடைமுறை மதிப்பு அதிகம்.

அமெரிக்காவில் கவனம் உறவுகளின் பக்கம் திரும்பியது. ஹாரி ஸ்டாக் சல்லிவன், நோயின் மையம் மற்றவர் முன் எழும் பதற்றம் என்றார். மேரிலாந்தில் இருந்த செஸ்ட்நட் லாட்ஜ் மருத்துவமனையில் பணியாற்றிய ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948-இல், குளிர்ந்த மனமும் அடக்கியாளும் குணமும் கொண்ட தாயின் வளர்ப்பே நோயை உண்டாக்குகிறது என்ற கருத்துக்கு 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்று பெயர் சூட்டினார். 1956-இல் கிரிகரி பேட்சனும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்த 'இரட்டைக் கட்டு' (ஒன்றுக்கொன்று முரணான செய்திகளில் பிள்ளை சிக்கிக்கொள்வது), 1957-இல் தியோடர் லிட்ஸ் குழுவினர் எழுதிய பெற்றோரின் மணவாழ்க்கைப் பிளவு எல்லாம் அந்தக் காலத்தின் காற்றில் பிறந்தவை. பேட்சனின் கொள்கை உண்மையில் தொடர்பாடல் பற்றியது, உளப்பகுப்பாய்வு அல்ல. பாடநூல்கள் இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள்.

இவற்றில் நிற்பது எது?

எதிர்பாராத இடங்களில் சில கருத்துகள் காலத்தைத் தாண்டி நிற்கின்றன. மருட்சி நோயின் மூலம் அல்ல, நோயாளி தனக்குள் நடப்பதை விளங்கிக்கொள்ள எடுக்கும் முயற்சி என்று ஃப்ராய்டு சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிதிஜ் கபூர் 2003-இல் முன்வைத்த கொள்கைப்படி, டோப்பமின் கட்டுமீறும்போது சாதாரணப் பொருள்கள்கூட அளவுக்கு மீறிய முக்கியத்துவத்தோடு கண்ணில் படுகின்றன. சுவரில் ஒரு நிழல், வானொலியில் ஒரு சொல், எதிரே வருபவரின் இருமல், எல்லாம் தனக்காகவே என்று தோன்றுகிறது. அந்தத் தாங்க முடியாத குழப்பத்துக்கு நோயாளி கண்டுபிடிக்கும் விளக்கம்தான் மருட்சி. வழி முற்றிலும் வேறு, ஆனால் மருட்சிக்கு ஒரு வேலை உண்டு என்ற இடத்தில் இரண்டும் சந்திக்கின்றன. ஒருவரின் நம்பிக்கையை அடித்து உடைத்தால் அவர் ஏன் இன்னும் கலங்கிப்போகிறார் என்பதும் இதிலிருந்து புரியும்.

இன்னொன்று, தன்னெல்லை பற்றிய கருத்து. தன் எண்ணங்கள் வெளியே கேட்கின்றன, பிறர் எண்ணம் தன் தலைக்குள் வைக்கப்படுகிறது என்று நோயாளிகள் சொல்வதை, 'நான்' என்பதன் எல்லை கரைவதாக பவுல் ஃபெடர்ன் விவரித்தார். தன்னுணர்வுச் சிதைவை நேர்காணல் வழியே அளக்கும் கருவிகள் இன்று ஆய்வில் புழங்குகின்றன. அவை தத்துவ மரபிலிருந்து வந்தவை என்றாலும், கவனிக்கும் நிகழ்வு அதேதான்.

குழந்தைப் பருவம் முக்கியம் என்ற பொதுவான உள்ளுணர்வும் முழுதாகத் தவறிப்போகவில்லை. 2012-இல் வெளியான வரீஸ் குழுவினரின் தொகுப்பாய்வு, சிறுவயதில் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், புறக்கணிப்பு போன்றவற்றுக்கு ஆளானவர்களிடம் மனநோய்க்கான வாய்ப்பு விகிதம் சுமார் 2.8 மடங்கு என்று கண்டது. ஃபின்லாந்தில் டியேனாரி நடத்திய தத்துப்பிள்ளை ஆய்வு இன்னும் நுட்பமானது. மனச்சிதைவு உள்ள தாய்க்குப் பிறந்து வேறு குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளை அது பின்தொடர்ந்தது. வளர்த்த குடும்பத்தில் சிக்கல்கள் அதிகம் இருந்தபோது, மரபு அபாயம் உள்ள பிள்ளைகளிடம் மனச்சிதைவு வகைக் கோளாறுகள் தெளிவாகக் கூடின. மரபு அபாயம் இல்லாத பிள்ளைகளிடம் அதே அளவு சிக்கல் அப்படிப்பட்ட விளைவைத் தரவில்லை. அதாவது குடும்பச் சூழலுக்கு இடம் உண்டு, ஆனால் தனியாக அல்ல. ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தின் மேல்தான் அது வேலை செய்கிறது.

எங்கே இடிகிறது?

முதல் இடி மரபியலில். கோட்ஸ்மன் 1991-இல் தொகுத்த கணக்கில், ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கும் வருவது சுமார் 48 விழுக்காடு, இருகரு இரட்டையரில் 17 விழுக்காடு, பொதுமக்களிடம் 1 விழுக்காடு. 2018-இல் டென்மார்க்கின் இரட்டையர் பதிவேட்டிலிருந்து வந்த ஆய்வில் முதல் இரண்டும் முறையே 33, 7 என்று குறைந்தன. ஆனாலும் மரபுப் பங்கு ஏறத்தாழ 79 விழுக்காடு என்றே அது மதிப்பிட்டது. 1966-இல் லெனர்ட் ஹெஸ்டன், மனச்சிதைவு உள்ள தாய்மாருக்குப் பிறந்து சில நாள்களிலேயே பிரிக்கப்பட்ட 47 பேரை ஆராய்ந்தார். அவர்களில் 5 பேருக்கு நோய் வந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்த 50 பேரில் ஒருவருக்கும் இல்லை. அந்தத் தாய் அவர்களை வளர்க்கவே இல்லை. வளர்ப்பே காரணம் என்ற வாதம் இங்கே நின்றுவிடுகிறது. மறுபக்கம், ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் வராமலும் இருக்கிறது. ஆகவே மரபணு மட்டுமே விடை என்பவர்களும் அவசரப்படக் கூடாது.

இரண்டாவது, காலக்கணக்கு. பின்வாங்கும் இடம் வாழ்வின் முதல் ஆண்டு என்றால், நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலிருந்து முப்பதுகளின் தொடக்கத்துக்குள் ஏன் வெளிப்படுகிறது? இடைப்பட்ட இருபது ஆண்டுகள் என்ன நடந்தது? உறுதியான பதில் இல்லை. பின்னடைவு என்ற உருவகமும் பொருந்தவில்லை. தன்னைப் பற்றி இருவர் மூன்றாம் மனிதராகப் பேசிக்கொள்ளும் குரலைக் கைக்குழந்தை கேட்பதில்லை. சிக்கலான சதித்திட்டத்தை அது கட்டுவதும் இல்லை. மனச்சிதைவு வளர்ந்த மூளையில் வரும் வளர்ந்தவரின் நோய். 1976-இல் ஈவ் ஜான்ஸ்டன் குழுவினர் சி.டி. ஸ்கேனில் நாள்பட்ட நோயாளிகளின் மூளை உள்ளறைகள் விரிந்திருப்பதைக் காட்டினார்கள். நினைவாற்றல், கவனம், திட்டமிடல் ஆகியவற்றில் வரும் குறைகள் பலரிடம் நோயின் முதல் தாக்குதலுக்கு முன்பே தெரிகின்றன. லிபிடோ உள்நோக்கித் திரும்பியது என்ற விளக்கம் இவற்றைத் தொடவே இல்லை.

மூன்றாவது, சோதிக்க முடியாமை. நோயாளி மறுத்தால் அது எதிர்ப்பு, ஒப்புக்கொண்டால் அது உறுதிப்பாடு என்ற அமைப்பில் எந்தச் சான்றும் கொள்கையைத் தோற்கடிக்க முடியாது. ஷ்ரேபர் விஷயத்திலேயே இதைப் பார்க்கலாம். அவருடைய தந்தை, பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார உடலில் கட்டும் சாதனங்களை வடிவமைத்த கல்வியாளர். மகன் எழுதிய நூலில் மார்பை நசுக்கும் 'அற்புதங்கள்' வருகின்றன. இந்தத் தொடர்பை 1950-களின் இறுதியில் வில்லியம் நீடர்லாண்ட் எடுத்துக்காட்டினார். அதே நூல், முற்றிலும் வேறான விளக்கம். இரண்டும் நம்பும்படியாகவே இருக்கின்றன. மருட்சியின் உள்ளடக்கம் ஒருவர் வாழ்விலிருந்து வருகிறது என்று நீடர்லாண்டின் வாசிப்பு காட்டுகிறது. அவருக்கு மருட்சியே ஏன் வந்தது என்பதை இரண்டுமே காட்டவில்லை.

நான்காவது குறைதான் மிகப் பெரிய காயத்தை உண்டாக்கியது. ஃப்ரோம்-ரைக்மனின் கருத்து நூல்களோடு நிற்கவில்லை. பிள்ளையின் நோயால் ஏற்கெனவே நொறுங்கிப்போன தாய்மார்களிடம், இதற்கு நீங்கள்தான் காரணம் என்று ஒரு தலைமுறை முழுதும் சொல்லப்பட்டது. அந்தக் கருத்துக்கு அடிப்படையாக இருந்தவை சிகிச்சை அறையில் கேட்டவையும் நோய் வந்த பிறகு குடும்பத்தைப் பார்த்தவையும்தான். இரவு முழுதும் தூங்காத, சாப்பிட மறுக்கும், சில சமயம் அடிக்கவும் வரும் பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் தாய் பதற்றமாகவும் அதிகாரமாகவும் தெரிவதில் வியப்பில்லை. விளைவைக் காரணம் என்று எண்ணிவிட்டார்கள். தந்தைமார் இந்தக் குற்றப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறவில்லை என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். 1979-இல் அமெரிக்காவில் மனநோய் கொண்டோரின் குடும்பங்கள் தேசிய அளவில் அமைப்பாகத் திரண்டபோது, இந்தப் பழியின் வலியும் அவர்களை ஒன்றுசேர்த்த காரணங்களில் ஒன்று.

குடும்பம் பற்றி நிலைத்து நிற்கும் கண்டுபிடிப்பு வேறொன்று. ஜார்ஜ் பிரவுன், கிறிஸ்டீன் வான், ஜூலியன் லெஃப் ஆகியோரின் ஆய்வுகள் வீட்டில் நிலவும் விமர்சனம், பகைமை, அளவுக்கு மீறிய உணர்ச்சித் தலையீடு ஆகியவற்றை நேர்காணல் ஒலிப்பதிவிலிருந்து அளந்தன. பெபிங்டனும் கைப்பர்ஸும் 1994-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இவை அதிகமுள்ள வீடுகளில் மறுதாக்குதல், அதாவது நோய் திரும்ப வருவது, சுமார் 50 விழுக்காடு, குறைவான வீடுகளில் சுமார் 21 விழுக்காடு. இது நோய் வந்த காரணம் அல்ல, நோய் திரும்புவதன் காரணிகளில் ஒன்று. பழி சுமத்தாமல் பயிற்சியால் மாற்றக்கூடியது என்பதால் இந்த வேறுபாடு சிகிச்சையில் எல்லாவற்றையும் மாற்றுகிறது.

சிகிச்சையாக எடுத்துக்கொண்டால்

விளக்கம் தவறாக இருந்தும் சிகிச்சை பலன் தரலாம். ஆகவே அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் கமரில்லோ அரசு மருத்துவமனையில் பிலிப் மே நடத்திய ஆய்வு 1968-இல் வெளியானது. முதல் முறையாகச் சேர்க்கப்பட்ட 228 பேர் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள்: தனிநபர் உளசிகிச்சை மட்டும், மருந்து மட்டும், இரண்டும் சேர்த்து, மின்னதிர்ச்சி சிகிச்சை, மருத்துவமனைச் சூழல் பராமரிப்பு மட்டும். மருந்து பெற்ற இரு குழுக்களும் முன்னால் நின்றன. உளசிகிச்சை மட்டும் பெற்றவர்கள், வெறும் சூழல் பராமரிப்பு பெற்றவர்களோடு சேர்ந்து பின்தங்கினார்கள். மருந்தோடு உளசிகிச்சையைச் சேர்த்ததாலும் பெரிய கூடுதல் பயன் இல்லை. சிகிச்சை தந்தவர்கள் அனுபவம் குறைந்த பயிற்சி மருத்துவர்கள் என்று உளப்பகுப்பாய்வாளர்கள் எதிர்த்தார்கள். நியாயமான எதிர்ப்புதான். ஆனால் 1972-இல் கிரின்ஸ்பூன் குழுவினர் மூத்த சிகிச்சையாளர்களை வைத்துச் செய்த சிறிய ஆய்விலும், மருந்தில்லாத உளசிகிச்சை நாள்பட்ட நோயாளிகளுக்கு அதிகம் உதவவில்லை.

எங்கள் பார்வையில் மிக முக்கியமான சோதனை 1984-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு. அதை நடத்திய ஆல்ஃப்ரெட் ஸ்டான்டனும் ஜான் கண்டர்சனும் இந்த மரபுக்குள்ளிருந்தே வந்தவர்கள். பொய்யாக்க வேண்டும் என்ற விருப்பம் அவர்களுக்கு இல்லை. அனைவருக்கும் மருந்து உண்டு. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று முறை என்று திட்டமிட்ட, ஆழ்மனதைத் துருவும் சிகிச்சை. இன்னொன்றுக்கு வாரம் ஒருமுறை, அன்றாட வாழ்வை மையமாகக் கொண்ட ஆதரவுச் சிகிச்சை. தொடங்கிய 164 பேரில் ஆறு மாதம் வரை நிலைத்தவர்கள் 95 பேர் மட்டுமே. இதுவே ஒரு பெரிய செய்தி: அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் இருந்தும் பத்தில் நான்கு பேர் விலகிவிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில், மருத்துவமனையில் சேர்வதைக் குறைப்பதிலும் வேலைக்குப் போவதிலும் எளிய ஆதரவுச் சிகிச்சை முந்தியது. துருவும் சிகிச்சை சிந்தனைத் திறனிலும் தன்முனைப்புச் செயல்பாட்டிலும் சிறிதளவு முன்னேற்றம் காட்டியது. மூன்று மடங்கு நேரத்துக்கு இது சிறிய பலன்.

அதே ஆண்டில் தாமஸ் மெக்லஷன், இந்த முறையின் கோட்டையாக இருந்த செஸ்ட்நட் லாட்ஜின் பழைய நோயாளிகளைச் சராசரியாக 15 ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தார். மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஓரளவுக்கே தாக்குப்பிடித்து, அல்லது தொடர்ந்து முடங்கிய நிலையில் இருந்தார்கள். தன் மருத்துவமனையின் முடிவுகளை மறைக்காமல் வெளியிட்ட நேர்மைக்கு இந்தத் துறை கடன்பட்டிருக்கிறது. 1998-இல் அமெரிக்காவின் போர்ட் (PORT) என்ற மனச்சிதைவு ஆய்வுக் குழுவின் சிகிச்சைப் பரிந்துரைகள், மனச்சிதைவுக்கு சைக்கோடைனமிக் மாதிரியிலான தனிநபர், குழுச் சிகிச்சைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்றன.

கதவு முழுதாக மூடவில்லை. டென்மார்க்கில் பென்ட் ரோசன்பாம் குழுவினர் முதல் தாக்குதலில் இருந்த 269 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு வாராந்திர ஆதரவு சைக்கோடைனமிக் சிகிச்சையும் பெற்றவர்கள் அறிகுறிகளிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் மேலான நிலையில் இருந்தார்கள். நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதால் இதை உறுதிச் சான்றாக எடுக்க முடியாது. ஆனால் அங்கே தரப்பட்டது பழைய துருவும் முறை அல்ல, மனச்சிதைவுக்கு ஏற்றபடி மாற்றிய ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

மருந்தின் பக்கத்தையும் வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நியாயமாகும். 2012-இல் லாய்ஷ்ட் குழுவினர் 65 சோதனைகளைத் தொகுத்தபோது, ஓராண்டில் மறுதாக்குதல் மருந்தைத் தொடர்ந்தவர்களிடம் 27 விழுக்காடு, போலி மருந்துக்கு மாறியவர்களிடம் 64 விழுக்காடு. எந்தப் பேச்சுச் சிகிச்சையும் தனியாக இந்த இடைவெளியை நிரப்பியதில்லை. அதே சமயம், மருந்தை ஒழுங்காக எடுத்தவர்களிலும் நான்கில் ஒருவருக்கு மேல் திரும்ப நோய்வாய்ப்பட்டார்கள் என்பதால், மருந்தோடு வேறு உதவியும் வேண்டும் என்பது தெளிவு.

நல்ல சிகிச்சை அறையில் என்ன நடக்கும்?

மாற்றியமைக்கப்பட்ட முறையைச் சில அடையாளங்களால் கண்டுகொள்ளலாம். பழைய உளப்பகுப்பாய்வில் போல நோயாளி சாய்விருக்கையில் படுக்க மாட்டார். இருவரும் எதிரெதிரே, நேருக்கு நேராக இல்லாமல் சற்றே திரும்பி உட்கார்வார்கள். வாரம் ஒருமுறை, 45 நிமிடம் வழக்கம். கலக்கம் அதிகமான நாளில் 20 நிமிடத்தோடு நிறுத்துவது தோல்வி அல்ல, திறமை. சிகிச்சையாளர் நீண்ட மௌனம் காக்கக் கூடாது. பதற்றம் போன்ற லேசான மனநலச் சிக்கலில் தவிக்கும் ஒருவருக்கு மௌனம் சிந்திக்க இடம் தரலாம். மனச்சிதைவு உள்ளவர் அந்த வெற்றிடத்தைத் தன் அச்சத்தால் நிரப்பிவிடுவார், ஐந்தே நிமிடத்தில் சிகிச்சையாளரும் சதிகாரர் ஆகிவிடுவார். மனதில் வருவதையெல்லாம் தடையின்றிச் சொல்லுங்கள் என்று கேட்பதும் தவறு. எண்ணங்களின் கோவை ஏற்கெனவே அறுந்திருப்பவரிடம் அது சிதறலைத்தான் கூட்டும்.

மருட்சியைப் பற்றிப் பேச்சு வரும்போது நல்ல சிகிச்சையாளர் மறுக்கவும் மாட்டார், ஆமோதிக்கவும் மாட்டார். "அவர்கள் உங்கள் எண்ணங்களைத் திருடுகிறார்கள் என்று தோன்றும்போது உடம்பில் என்ன ஆகிறது? அன்று காலையில் யாரைச் சந்தித்தீர்கள்?" என்று அந்த அனுபவத்தின் சூழலைக் கேட்பார். அடக்கிய பாலுணர்வு, தாய் மீதான வெறுப்பு என்று ஆழ்மன விளக்கம் கொடுப்பதைத் தவிர்ப்பார். தன்னெல்லை கரைந்தவருக்கு, "உனக்குள் இது இருக்கிறது" என்று இன்னொருவர் சொல்வதே எண்ணம் புகுத்தப்பட்டதாக உணரப்படும். டிரேக்கும் செடரரும் 1986-இல் எழுதியது இதைத்தான்: தீவிரமான, உணர்ச்சியைக் கிளறும் சிகிச்சை நாள்பட்ட நோயாளிகளை மோசமாக்கக்கூடும்.

விடுமுறையைச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லி, தேதியை எழுதிக் கொடுப்பார். பிரிவு இந்த நோயாளிகளைப் பெரிதாகப் பாதிக்கும் என்பது இந்த மரபு சரியாகக் கண்ட உண்மை. மருந்து எழுதும் மருத்துவரோடு பேசும் அனுமதியை முதல் அமர்விலேயே வாங்கிக்கொள்வார். தூக்கம் குறைவது, அறைக்குள்ளேயே அடைந்துகிடப்பது, திடீரென்று மதம் அல்லது மின்சாதனங்கள் பற்றிய ஈடுபாடு கூடுவது என்று அந்த ஒருவருக்கே உரிய முன்னறிகுறிகளை எழுதிவைப்பார். குரல்கள் அடங்கி, தனக்கு நடந்தது நோய் என்று நோயாளி உணரத் தொடங்கும் மாதங்களில் தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்பார். மனச்சிதைவு உள்ளவர்களில் வாழ்நாளில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர் தற்கொலையால் இறக்கிறார்கள். தெளிவு வரும் காலத்தை நல்ல காலம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

இந்த மரபின் மிகப் பெரிய பயன் நோயாளியின் அறையில் இல்லை, பணியாளர் அறையில் இருக்கிறது என்றும் சொல்லலாம். ஸ்டான்டனும் மோரிஸ் ஷ்வார்ட்ஸும் 1954-இல் செஸ்ட்நட் லாட்ஜைப் பற்றி எழுதியபோது, ஒரு நோயாளி குறித்துப் பணியாளர்கள் வெளியே சொல்லாமல் முரண்படும்போது அவர் கொந்தளிப்பதையும், அந்த முரண்பாட்டை அவர்கள் வெளிப்படையாகப் பேசியதும் அடங்குவதையும் பதிவுசெய்தார்கள். ஒரு செவிலியரைத் தெய்வமாகவும் இன்னொருவரை எதிரியாகவும் நோயாளி பார்க்கும்போது, கிளைன் சொன்ன பிளத்தல் தெரிந்த குழு அந்த வலையில் விழாது. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதே இடத்தில் நின்றது. நோயாளியின் அனுபவத்தையும் உறவுகளையும் புரிந்துகொள்ளச் சிகிச்சைக் குழுவினர் இந்தக் கோட்பாடுகளைப் பயன்படுத்தலாம் என்றது. சிகிச்சை என்று வரும்போது அனைவருக்கும் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும், அவர்களோடு வாழும் அல்லது நெருங்கிப் பழகும் குடும்பத்தாருக்குப் பயிற்சியும் ஆதரவும் தரும் குடும்பத் தலையீடும் தர வேண்டும் என்றது. முதலாவதற்குக் குறைந்தது 16 அமர்வுகள். இரண்டாவதற்கு மூன்று மாதம் முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 10.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. மருந்து பற்றி உங்கள் நிலை என்ன? மனச்சிதைவு உள்ள எத்தனை பேருக்கு, யார் மேற்பார்வையில் சிகிச்சை அளித்திருக்கிறீர்கள்? அவர் அமர்வுக்கு வராத நாளில் என்ன செய்வீர்கள்? குடும்பத்தை எப்போது, எதற்காகச் சந்திப்பீர்கள்? கடைசிக் கேள்விக்குத் தாயின் வளர்ப்பைப் பற்றிய பேச்சு பதிலாக வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். குரல்கள் கட்டளையிடும் நிலையிலும், தூக்கமில்லாத தீவிரக் கட்டத்திலும், போதைப்பொருள் பயன்பாடு தொடரும்போதும் இந்தச் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம். முதலில் மருத்துவமனையும் மருந்தும். அறிகுறிகள் ஓரளவு அடங்கி, மனிதர்களோடு பழக மறுபடி விரும்புகிறவரும், தனக்கு நடந்ததை நினைத்து வெட்கமும் துக்கமும் அடைகிறவரும் அதிகம் பெறக்கூடும்.

தொடங்கிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோயாளி, சிகிச்சையாளர், மருத்துவர், விருப்பமிருந்தால் குடும்பத்தில் ஒருவர் என்று சேர்ந்து நிலையைப் பார்க்க வேண்டும். தூங்கும் மணிநேரம், வெளியே போன நாள்கள், மருந்து தவறிய வேளைகள், வீட்டில் நடந்த சண்டைகள் ஆகிய நான்கும் போதும். ஆறு மாதத்தில் இவற்றில் எதுவும் நகரவில்லை என்றாலோ, ஒவ்வொரு அமர்வுக்குப் பின்னும் இரவில் குரல்கள் கூடுகின்றன என்றாலோ, அமர்வுகளைக் கூட்டுவது தீர்வல்ல. இடைவெளியை அதிகமாக்கி, பேச்சை அன்றாட விஷயங்களுக்குத் திருப்பச் சொல்ல வேண்டும். அப்படியும் மாறாவிட்டால் சிகிச்சையை நிறுத்தலாம், ஆனால் ஒரே நாளில் அல்ல. கடைசி அமர்வின் தேதியை முன்கூட்டியே முடிவுசெய்து, அடுத்து யாரிடம் போகிறோம் என்பதை உறுதிசெய்த பிறகு.